ஓர் அரிசிப்பையின் நெடும் பயணம்
வழங்கல் சங்கிலி முகாமைத்துவமும் அதன் உயர்கல்வியும்

"பிள்ளை என்ன படிக்கப் போகின்றது?" என்ற வினா எமது வீடுகளில் எழும்போது மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல் என்னும் நான்கு சொற்களுக்குள் விடை பெரும்பாலும் அடங்கிவிடுகின்றது. பின்னர் கணினியியல் ஐந்தாவதாக வந்து சேர்ந்தது. இவை யாவும் சிறந்த துறைகளே. எனினும், நாம் நாள்தோறும் உண்பதும் உடுப்பதும் ஓட்டிச் செல்வதும் எந்தத் துறையின் திறமையால் எம்மை வந்தடைகின்றனவோ, அந்தத் துறையின் பெயரைக்கூட எம்மிற் பலர் அறியோம். அதுவே வழங்கல் சங்கிலி முகாமைத்துவம் எனப்படுவது. தமிழகத்தில் இதனை விநியோகச் சங்கிலி மேலாண்மை என்பர். பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் பட்டத்திற்குரிய தனிப் பாடநெறியாக இன்று வளர்ந்துள்ள இத்துறை யாது, அதில் எவற்றைக் கற்பிக்கின்றனர், அது யாருக்குப் பொருந்தும் என்பனவற்றை எமது மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கிலி என்பது எது?

மல்கிரேவிலோ அயலூர்களிலோ உள்ள ஒரு மளிகைக் கடையில் நாம் வாங்கும் பொன்னி அரிசிப்பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தின் வயலில் விளைந்த நெல்லை ஒரு வியாபாரி கொள்வனவு செய்கின்றார். ஆலை அதனை அவித்து, உலர்த்தி, குற்றி, தரம் பிரித்துப் பைகளில் அடைக்கின்றது. பைகள் கொள்கலனில் ஏற்றப்பட்டுச் சென்னைத் துறைமுகத்தையோ தூத்துக்குடித் துறைமுகத்தையோ அடைகின்றன. பல வேளைகளில் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ வேறொரு கப்பலுக்கு மாற்றப்பட்டு, சில வாரக் கடற்பயணத்தின் பின் மெல்பேர்ண் துறைமுகத்தை வந்தடைகின்றன. இங்கு உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகளின் விதிகளுக்கு அவை உட்படவேண்டும். தானியங்களை அழிக்கும் கப்ரா வண்டு இந்நாட்டிற்குள் நுழையாதிருக்க 2020 ஆம் ஆண்டு முதல் இவ்விதிகள் மேலும் இறுக்கப்பட்டுள்ளன. அதன் பின்னரே பாரவூர்தி, இறக்குமதியாளரின் பண்டகசாலை, கடை, எமது சமையலறை என அதன் பயணம் நிறைவுறுகின்றது.

விவசாயி முதல் நுகர்வோர் வரை இவ்வாறு ஒருவரையொருவர் பற்றி நிற்கும் தொடரையே சங்கிலி என்கின்றோம். ஒரு கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் பயனற்றுப் போகின்றது. அது மட்டுமன்று. இச்சங்கிலியில் பொருள் மாத்திரம் ஓடுவதில்லை. பொருள் கடையை நோக்கி வருகின்றது. பணம் கடையிலிருந்து வயலை நோக்கிச் செல்கின்றது. தகவல் இரு திசைகளிலும் செல்கின்றது. பொருள், பணம், தகவல் என்னும் இம்மூன்று ஓட்டங்களையும் ஒன்றாக நோக்கி ஒழுங்குபடுத்துவதே இத்துறையின் சாரம். கப்பல், பாரவூர்தி, பண்டகசாலை ஆகியவற்றை நடத்தும் லொஜிஸ்டிக்ஸ் என்னும் பணி இதன் ஒரு பகுதியே ஆகும்.

'வழங்கல் சங்கிலி முகாமைத்துவம்' என்ற தொடரைப் பொதுவெளியில் முதலிற் பயன்படுத்தியவர் பிரித்தானிய ஆலோசகரான கீத் ஒலிவர் என்பர். 1982 ஆம் ஆண்டு ஒரு பத்திரிகைச் செவ்வியில் அவர் இதனைக் கூறினார். கொள்வனவு, உற்பத்தி, களஞ்சியம், விற்பனை எனத் தனித்தனிப் பிரிவுகளாக இயங்கும் நிறுவனங்கள் அவற்றை ஒரே தொடராக நோக்கவேண்டும் என்பதே அவரது கருத்து.

பெயர் புதிது, தொழில் பழைது

பெயர் புதிதாயினும் இத்தொழில் எமக்குப் புதிதன்று. சேரநாட்டுத் துறைமுகமாகிய முசிறியோடு தொடர்புடைய ஒரு கிரேக்க மொழிப் பாப்பிரஸ் ஆவணம் ஒஸ்ரியாவின் வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இதனை 1985 ஆம் ஆண்டு அறிஞர்கள் பதிப்பித்து வெளியிட்டனர். அதன் ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தமும் மறுபக்கத்தில் 'ஹெர்மபொலொன்' என்னும் கப்பலின் சரக்கு மதிப்பீடும் காணப்படுகின்றன.

அவ்வொப்பந்தம் கூறுவதைக் கவனியுங்கள். செங்கடற் கரையில் இறங்கும் சரக்கை நம்பிக்கைக்குரிய ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்துக் காவலுடன் பாலைவனத்தைக் கடந்து கொப்ரோஸ் நகருக்குக் கொண்டுசெல்லவேண்டும். அங்கே பொதுப் பண்டகசாலையில் முத்திரையிட்டு வைக்கவேண்டும். பின்னர் நைல் நதி வழியே அலெக்சாந்திரியாவை அடைந்து, மீண்டும் முத்திரையுடன் களஞ்சியப்படுத்தவேண்டும். சரக்கின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு வரி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் யார் பொறுப்பு, எங்கே முத்திரை, எவ்வளவு செலவு என்பன வரையறுக்கப்பட்டுள்ளன. இன்றைய முதுமாணி மாணவர் ஒருவர் படிக்கும் ஒப்பந்தப் பாடத்தின் அடிப்படைகள் யாவும் அவ்வொரு தாளில் அடங்கியுள்ளன எனலாம்.

அன்றுதொட்டு நெடுங்காலம் சரக்கைக் கையால் ஏற்றி இறக்கும் முறையில் பெரும் மாற்றம் நிகழவில்லை. 1956 ஏப்ரல் 26 ஆம் நாள் அமெரிக்கரான மல்கம் மக்லீன் என்பவர் 'ஐடியல்-எக்ஸ்' என்னும் கப்பலில் 58 உலோகப் பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்ரனுக்கு அனுப்பினார். கையால் ஏற்றினால் தொன் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆறு டொலர் செலவான காலத்தில், பெட்டிமுறையில் அச்செலவு ஏறத்தாழ பதினாறு சதமாகக் குறைந்தது. பெட்டியின் உள்ளிருப்பதைத் தொடாமலே கப்பல், புகைவண்டி, பாரவூர்தி என மாற்றக்கூடிய இந்த எளிய எண்ணமே உலக வர்த்தகத்தின் போக்கை மாற்றியது. அவுஸ்திரேலியாவின் மிகப்பெரிய கொள்கலன் துறைமுகமான மெல்பேர்ண் துறைமுகம் இன்று ஆண்டொன்றுக்கு இருபதடி அளவிற் கணக்கிடப்பட்ட முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட கொள்கலன்களைக் கையாள்கின்றது.

மல்கிரேவ் இத்தொடரில் இருந்து விலகி நிற்கும் ஊரன்று. துறைமுகத்திற்கும் டண்டினோங் தெற்கிலுள்ள பெரும் பண்டகசாலைகளுக்கும் இடையே ஓடும் பாரவூர்திகள் மொனாஷ் நெடுஞ்சாலை வழியே எமது ஊரைக் கடந்தே செல்கின்றன. மஸ்டா நிறுவனத்தின் அவுஸ்திரேலியத் தலைமையகம் வெலிங்ரன் வீதியிலேயே உள்ளது. 2017 ஒக்ரோபர் மாதத்துடன் இந்நாட்டில் மோட்டார்க் கார்களைத் திரளாக உற்பத்தி செய்த கடைசித் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. அதன் பின்னர் இங்கு விற்கப்படும் புதிய கார்கள் கடல் கடந்தே வருகின்றன. ஆகவே அவற்றைத் திட்டமிட்டுத் தருவிப்பதே இத்தகைய நிறுவனங்களின் முதற் பணியாக உள்ளது.

எமது மக்கள் பட்டுணர்ந்த பாடம்

இலங்கையின் வடபகுதியில் வாழ்ந்த பெற்றோருக்கு இத்துறையின் முதற் பாடத்தை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்ட பின்னர் எரிபொருள், மின்கலம், பசளை, சீமெந்து முதலிய பல பொருட்கள் வடக்கிற்குச் செல்வது தடைசெய்யப்பட்டது. பொருள் தென்னிலங்கைக் கடைகளில் இருந்தது. வாங்குவதற்கு ஆள் வடக்கில் இருந்தார். இடையிலுள்ள பாதை இல்லை. ஜாம் போத்தலிற் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு விளக்கேற்றிப் பிள்ளைகள் படித்தனர். மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயில் வாகனத்தை ஓட்டினர். பனம்பழச் சாற்றால் ஆடை வெளுத்தனர். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலத்தில், கிளாலிக் கடல்நீரேரியை இரவிற் படகேறிக் கடந்தோர் பலர். அக்கடப்பில் உயிர் துறந்தோரும் உளர். 2006 ஓகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டபோது குடாநாடு கப்பலையே நம்பியிருக்க நேர்ந்தது. விலைகள் வானளாவ உயர்ந்தன.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. ஒரு பொருள் உலகில் இருப்பதனால் மாத்திரம் அது எமக்கு இருப்பதாகாது. வேண்டிய இடத்தில், வேண்டிய வேளையில், வாங்கக்கூடிய விலையில் இருந்தாலே அது பொருளாகின்றது. பஞ்சம் எப்பொழுதும் விளைச்சலின்மையால் மாத்திரம் வருவதில்லை. பாதையின்மையாலும் வருகின்றது.

2022 ஆம் ஆண்டு முழு இலங்கையும் இதே பாடத்தின் மற்றொரு பகுதியைக் கற்றது. அவ்வாண்டு பாதைகள் திறந்தே இருந்தன. அந்நியச் செலாவணி இருக்கவில்லை. எரிபொருள் ஏற்றிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டுக் காத்திருக்க, மக்கள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். பண ஓட்டம் நின்றதால் பொருள் ஓட்டமும் நின்றது. அவ்வாண்டு யூலை மாதத்தில், வாகனங்களுக்கு வாராந்தப் பங்கீட்டைக் குறியீட்டுப் படத்தின் மூலம் பதிவுசெய்யும் முறை அறிமுகமாயிற்று. யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற தகவல் நிச்சயமானதும் வரிசைகள் படிப்படியாகக் குறைந்தன. பணமும் தகவலும் பொருளைப் போலவே இன்றியமையாதவை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வகுப்பறையில் என்ன கற்பிக்கின்றனர்?

இனி, முதுமாணிப் பாடநெறியின் உள்ளடக்கத்தை நோக்குவோம். பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் பாடத் தலைப்புகள் வேறுபடினும், நான்கு அடிப்படை வினாக்களைப் பெரும்பாலும் எல்லா இடங்களிலும் காணலாம்.

முதலாவது வினா: எவ்வளவு வாங்குவது? ஒரு கடை ஆண்டொன்றுக்கு 1,000 அரிசிப்பைகளை விற்கின்றது என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை கட்டளையிடுவதற்கும் 80 டொலர் செலவாகின்றது. ஒரு பையை ஓராண்டு களஞ்சியத்தில் வைத்திருக்க 4 டொலர் செலவாகின்றது. ஆயிரத்தையும் ஒரே முறையில் வாங்கினால் கட்டளைச் செலவு 80 டொலர் மாத்திரமே, ஆனால் சராசரியாக 500 பைகள் களஞ்சியத்திற் கிடப்பதால் அதற்கு 2,000 டொலர், மொத்தம் 2,080. ஐம்பது ஐம்பதாக இருபது முறை வாங்கினால் களஞ்சியச் செலவு 100 டொலராகக் குறையும், கட்டளைச் செலவோ 1,600 டொலராக உயரும், மொத்தம் 1,700. இருநூறு இருநூறாக ஐந்து முறை வாங்கினால் கட்டளைக்கு 400, களஞ்சியத்திற்கு 400, மொத்தம் 800 டொலர். இதனிலும் குறைந்த செலவு இல்லை. இரு செலவுகளும் சமமாகும் இடத்திலேயே மொத்தச் செலவு ஆகக் குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். இவ்விதியை 1913 ஆம் ஆண்டு போர்ட் ஹரிஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு கட்டுரையில் வெளியிட்டார். பத்தாம் வகுப்பு மாணவரும் விளங்கிக்கொள்ளக்கூடிய இக்கணக்கே, இத்துறையின் உயர்கணிதத்திற்கு வாயிலாகும்.

இரண்டாவது வினா: சிறிய மாற்றம் எவ்வாறு பெருங் குழப்பமாகின்றது? கிழமைக்கு 100 பை விற்கும் கடையில் தைப்பொங்கல் வாரத்தில் 120 பை விற்பனையாகின்றது. கேள்வி கூடிவிட்டது எனக் கருதிய கடைக்காரர் 140 பைக்குக் கட்டளையிடுகின்றார். அதைக் கண்ட இறக்குமதியாளர் 180 பை வேண்டுமென ஆலைக்கு எழுதுகின்றார். ஆலைக்காரர் 240 பைக்கு வேண்டிய நெல்லைக் கொள்வனவு செய்கின்றார். அடுத்த வாரம் வீடுகளில் அரிசி இருப்பதால் விற்பனை 80 பையாகக் குறைகின்றது. இருபது பை அதிகம் விற்றது, ஆலையின் வாயிலில் நூற்று நாற்பது பையாக உருவெடுத்துவிட்டது. இதில் எவரும் முட்டாள் அல்லர். எவரும் ஏமாற்றவும் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் நிலையில் நியாயமாகவே நடந்தனர். ஆயினும் முழுச் சங்கிலியும் தடுமாறியது.

எம்.ஐ.ரி. கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் ஜே பொரெஸ்ரர் 1958 ஆம் ஆண்டிலேயே இவ்வியல்பைச் சுட்டிக்காட்டினார். சாட்டையின் கைப்பிடியில் எழும் சிற்றசைவு நுனியிற் பேரசைவாவதைப் போன்றதனால் இதற்குச் சாட்டை விளைவு எனப் பொருள்படும் பெயர் வழங்குகின்றது. 1997 ஆம் ஆண்டு ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவரும் இதற்கான நான்கு காரணங்களை வகுத்துக் கூறினர். எதிர்வுகூறலை அடிக்கடி திருத்துதல், கட்டளைகளைச் சேர்த்து வைத்து அனுப்புதல், விலையை ஏற்றி இறக்குதல், தட்டுப்பாட்டிற்கு அஞ்சித் தேவைக்கு மேல் கேட்டல் என்பனவே அவை. சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகத்தர், தொழிற்சாலை என மாணவர்களை நால்வகையாகப் பிரித்து, ஒருவரோடொருவர் பேசவிடாது நடத்தப்படும் 'பியர் விளையாட்டு' எம்.ஐ.ரி.யில் உருவாகி இன்றும் உலகெங்கும் வகுப்பறைகளில் ஆடப்படுகின்றது.

நான்காவது காரணத்தை நாம் 2023 இல் நேரிற் கண்டோம். உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ நாற்பது வீதத்தைக் கொண்டுள்ள இந்தியா, அவ்வாண்டு யூலை 20 ஆம் நாள் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. புழுங்கல் அரிசி அத்தடையில் அடங்கவில்லை. ஓகஸ்ட் மாதத்திலேயே அதற்கு இருபது வீத ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. எனினும், செய்தி பரவியதும் வட அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் எம்மவர் கடைகளில் மக்கள் பைபையாக அள்ளிச் சென்றனர். ஒவ்வொரு வீடும் தனக்கு நியாயமானதைச் செய்தது. கூட்டாக நோக்கின் தட்டுப்பாட்டை நாமே விரைவுபடுத்தினோம். அத்தடை 2024 செப்ரெம்பரில் நீக்கப்பட்டது.

மூன்றாவது வினா: எதிர்பாராதது நேர்ந்தால் என் செய்வது? 2021 ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாடு விசித்திரமான ஓர் ஆபத்தை எதிர்நோக்கியது. டீசல் பாரவூர்திகளின் புகையைத் தூய்மையாக்க அட்ப்ளூ என்னும் திரவம் வேண்டும். அது தீர்ந்தால் புதிய வகைப் பாரவூர்திகள் இயங்கா. அதன் மூலப்பொருள் யூரியா. இத்திரவத்திற்கென அவுஸ்திரேலியாவிற்குத் தேவையான யூரியாவின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. தனது விவசாயிகளுக்குப் பசளை போதாதென அந்நாடு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும், இங்கே சில வாரங்களுக்கே இருப்பு உண்டு என்ற நிலை வந்தது. அரசு இந்தோனேசியாவிடம் யூரியா பெற்றதுடன், பிரிஸ்பேனில் இருந்த ஒரு தொழிற்சாலையின் உற்பத்தியையும் பெருக்க ஏற்பாடு செய்து நிலைமையைச் சமாளித்தது. எங்கோ ஒரு நாட்டின் பசளைக் கொள்கை எமது ஊர்க் கடையின் பாலையும் பாணையும் நிறுத்திவிடக்கூடும் என்பதை அன்று பலர் உணர்ந்தனர். ஒரே இடத்திலிருந்து வாங்குவது மலிவு. பல இடங்களிலிருந்து வாங்குவது பாதுகாப்பு. இவ்விரண்டிற்கும் இடையே எங்கு நிற்பது என்பதே இப்பாடத்தின் மையப் பொருள்.

நான்காவது வினா: இப்பொருளை யார், எந்நிலையிற் செய்தனர்? அவுஸ்திரேலியாவின் நவீன அடிமைத்தனச் சட்டம் 2018 ஆம் ஆண்டு நிறைவேறி 2019 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு வருமானம் பத்துக் கோடி டொலருக்குக் குறையாத நிறுவனங்கள், தமது வழங்கல் சங்கிலியில் கட்டாய உழைப்பு உண்டா என ஆராய்ந்து ஆண்டுதோறும் அறிக்கையிடவேண்டும். எனவே அறமும் இன்று இப்பாடநெறியின் ஒரு பகுதியாகின்றது.

எங்கே கற்கலாம்?

மெல்பேர்ணில் ஆர்.எம்.ஐ.ரி. பல்கலைக்கழகமும் விக்ரோறியாப் பல்கலைக்கழகமும் இத்துறையில் முதுமாணிப் பாடநெறிகளை நடத்திவருகின்றன. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, லொஜிஸ்டிக்ஸ் ஆய்வுகளுக்கென ஒரு தனி நிறுவகமே உண்டு. கடல்சார் வர்த்தகத்தில் நாட்டமுள்ளோர் தஸ்மேனியாவின் லோன்செஸ்ரனில் உள்ள அவுஸ்திரேலியக் கடல்சார் கல்லூரியையும் நோக்கலாம். இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து மற்றும் லொஜிஸ்டிக்ஸ் முகாமைத்துவத்திற்கெனத் தனித் துறை இயங்குகின்றது. முழுநேரமாகக் கற்போருக்கு இத்தகைய முதுமாணிப் படிப்பு பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை நீடிக்கும். எம்.ஐ.ரி. நிறுவனம் 2015 இல் அறிவித்த இணையவழிப் பாடத்தொடரின் மூலம், வேலை பார்த்துக்கொண்டே இத்துறையின் அடிப்படைகளைக் கற்கவும் வழியுண்டு. பெருந்தொகை செலவிடுமுன் இத்துறை தமக்குப் பொருந்துமா எனச் சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு இது நல்ல வழியாகும்.

செலவைப் பற்றியும் பெற்றோர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். இளமாணிப் பட்டத்திற்கு அரசு வழங்கும் மானிய இடங்கள் இத்தகைய முதுமாணிப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் இல்லை, முழுக்கட்டணம் செலுத்தவேண்டும். அவுஸ்திரேலியக் குடியுரிமை பெற்றோர் ஃபீ-ஹெல்ப் எனும் அரச கடனுதவியைப் பெறலாம். நிரந்தர வதிவிட உரிமை மாத்திரம் உள்ளோரிற் பெரும்பாலானோருக்கு அவ்வசதி இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் எமது உறவினரின் பிள்ளைகள் இப்படிப்பிற்கென வர விரும்பி எம்மிடம் ஆலோசனை கேட்பதுண்டு. அவர்களுக்கு உண்மையைக் கூறுவது எமது கடமை. மாணவர் நுழைவிசைவுக் கட்டணம் 2024 யூலையில் 1,600 டொலராகவும் 2025 யூலையில் 2,000 டொலராகவும் உயர்ந்தது. படிப்புக் காலத்தில் இரு வாரங்களுக்கு 48 மணித்தியாலம் மாத்திரமே வேலை செய்யலாம் என்ற விதி 2023 யூலையில் வந்தது. பட்டம் பெற்றபின் தற்காலிகமாகத் தங்கி வேலை செய்வதற்கான நுழைவிசைவின் வயதெல்லை, பாடநெறி முதுமாணிகளிற் பெரும்பாலானோருக்கு 50 இலிருந்து 35 ஆக 2024 யூலையிற் குறைக்கப்பட்டது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பன. காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள், வதிவிட உரிமை கிடைக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் ஒரு படிப்பைத் தெரிவு செய்வது பெரும் ஆபத்தாகும். அந்த நம்பிக்கை பொய்த்தாலும் படித்தது பயன்தரும் என்றால் மாத்திரமே அத்தெரிவு நல்ல தெரிவாகும்.

யாருக்குப் பொருந்தும்?

பட்டம் பெற்ற மறுநாளே முகாமையாளர் நாற்காலி காத்திருக்கும் என எண்ணுதல் தவறு. பெரும்பாலானோர் கையிருப்புத் திட்டமிடுபவராகவோ கொள்வனவு உதவியாளராகவோ பண்டகசாலை மேற்பார்வையாளராகவோ தமது பணியைத் தொடங்குகின்றனர். அதிகாலை வேலையும் இரவு வேலையும் உண்டு. பண்டகசாலைக்குள் ஒரு நாளேனும் நடந்து பாராதவர், கணினித் திரையில் மாத்திரம் பார்த்து அதனைத் திட்டமிட முடியாது. எனவே இளமாணிப் பட்டத்தின் பின் ஓரிரு ஆண்டுகள் ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு முதுமாணிக்குச் செல்வோர், வகுப்பில் கேட்கும் ஒவ்வொன்றையும் தாம் கண்டவற்றோடு பொருத்திப் பார்த்து அதிக பயன் பெறுகின்றனர். பொறியியல், வணிகம், கணிதம், கணினியியல் ஆகிய எத்துறையிலிருந்தும் இதற்குள் நுழையலாம் என்பது இதன் சிறப்பு.

மேல்வகுப்பு மாணவர்கள் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. கணிதத்தைக் கைவிடாதிருங்கள், குறிப்பாக நிகழ்தகவும் புள்ளிவிபரமும் இத்துறையின் உயிர்நாடி. பகுதிநேர வேலைக்குப் பல்பொருள் அங்காடிக்குச் செல்வோர், அடுக்கில் பொருளை வைப்பதோடு நின்றுவிடாது, அது எந்நாளில் வருகின்றது, எது மிஞ்சுகின்றது, எது முதலில் தீர்கின்றது எனக் கவனியுங்கள். உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே ஒரு மாதத்திற்கு அரிசி, மா, பருப்பு ஆகியவற்றின் இருப்பைக் குறித்து, எப்போது வாங்கவேண்டும் என முன்கூட்டியே கணித்துப் பாருங்கள். அம்மாவின் மனக்கணக்கு உங்கள் கணக்கை வெல்லுமாயின் வியப்படைய வேண்டாம்.

தமிழின் பயன்

இறுதியாக, சனிக்கிழமைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்துவரும் பெற்றோருக்கு ஒன்று கூற விரும்புகின்றோம். இந்நாட்டுக் கடைகளில் விற்கப்படும் பருத்தி ஆடைகளுக்கு நூல் நூற்கும் ஆலைகளும் பின்னலாடைத் தொழிற்சாலைகளும் திருப்பூர், கோயம்புத்தூர், திண்டுக்கல் வட்டாரங்களில் நிறைந்துள்ளன. அங்குள்ள சில நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதிகளில் அடைத்து வைத்து, முடிவில் திருமணத்திற்கென ஒரு தொகை தருவதாகக் கூறி வேலைவாங்கிய சுமங்கலித் திட்டம் என்னும் முறை உலகின் கண்டனத்திற்கு உள்ளாகியது. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோரும் தமிழ்ப் பெண்களே. அவர்களது நிலையை ஆராயச் செல்லும் நிறுவன அதிகாரி, முகாமையாளர் அருகிருந்து மொழிபெயர்க்க அதனைக் கேட்பதற்கும், தாமே அவர்களோடு தமிழில் உரையாடுவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். அஞ்சி நிற்கும் ஒரு பெண் அந்நியரின் மொழியிற் கூறாததைத் தன் மொழியிற் கூறக்கூடும்.

கணக்கு, கணினி, சட்டம் ஆகியவற்றை எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்கும். பாதை மூடப்பட்டால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்ற நினைவையும், சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் தொழிலாளியின் மொழியையும் எமது பிள்ளைகள் வீட்டிலும் இப்பாடசாலையிலும் இருந்தே எடுத்துச் செல்கின்றனர். அவ்விரண்டையும் உடையோர் இத்துறையிற் கற்றுத் தேர்ந்தால், பொருள் தாமதமின்றி வந்து சேரும். அதனைச் செய்த கைகளுக்கு உரியதும் போய்ச் சேரும். எமது இளைய தலைமுறையினரிற் சிலரேனும் இக்கல்வியை விரும்பி ஏற்பாராக.